கூரை ஆன்டெனாவுக்கு ஒரு மின்னல் காப்பான்: குழாயும் திருகாணியும்

உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் அலுமினியப் பெட்டி. இரு முனைகளிலும் கோஆக்ஸ் கேபிளைப் பொருத்தும் இணைப்பிகள், ஒரு பக்கத்தில் கழற்றக்கூடிய மூடி, மூடிக்குள் ஒரு மாத்திரை அளவே உள்ள வாயுக்குழாய், அடியில் எர்த் கம்பியை இணைக்க ஒரு திருகாணி. வீட்டுக் கூரையில் ஆன்டெனா வைத்துப் பொழுதுபோக்காக வானொலியில் பேசும் ஹாம் வானொலிக்காரர்களும் சிற்றலை நேயர்களும் வாங்கும் மின்னல் காப்பான் என்பது பெரும்பாலும் இவ்வளவுதான். கடந்த இரண்டு மழைக்காலங்களாக என் 2 மீட்டர் (145 மெகாஹெர்ட்ஸ்) அலைவரிசை ஆன்டெனாவின் கேபிளில் இது இருந்துவருகிறது. ஏறத்தாழ ஒரே வார்ப்பில் செய்யப்பட்ட பெட்டிகள் பல பெயர்களில் விற்கப்படுவதால், என்னிடம் உள்ளதன் பெயரைச் சொல்வதில் பயனில்லை. இங்கே சொல்லப்படும் குணங்களும் குறைகளும் இந்த வகை முழுமைக்கும் பெரும்பாலும் பொருந்தும். இதன் அட்டைப்பெட்டியில் "மின்னலிலிருந்து முழுப் பாதுகாப்பு" என்று அச்சிட்டிருக்கிறார்கள். அந்த ஒரு வரியை நம்பாமல் வாங்குபவருக்கு இது நல்ல பொருள் என்பதே என் கருத்து.

முதலில், இது செய்யும் வேலை என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கோஆக்ஸ் கேபிளின் நடுக்கம்பிக்கும் அதைச் சுற்றியுள்ள மேல்வலைக்கும் இடையே வாயுக்குழாய் அமர்ந்திருக்கிறது. சாதாரண நேரத்தில் அது மின்சாரத்தைக் கடத்துவதில்லை. அதன் மின்தேக்கம் ஓரிரு பிக்கோஃபாரட் மட்டுமே என்பதால் அது இருப்பதே வானொலி அலைக்குத் தெரிவதில்லை. நடுக்கம்பிக்கும் மேல்வலைக்கும் இடையிலான மின்னழுத்தம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டும்போது உள்ளிருக்கும் வாயு அயனியாகி, குழாய் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கைவிடக் குறைந்த நேரத்திலேயே ஏறத்தாழக் குறுக்குச்சுற்றாக மாறிவிடுகிறது. அதன்பின் நடுக்கம்பியும் மேல்வலையும் சேர்ந்தே ஏறிச் சேர்ந்தே இறங்கும். அவற்றுக்கிடையே அகப்பட்டுக்கொண்ட வானொலிக் கருவியின் உள்ளீட்டுப் பகுதி தப்பிக்கிறது. குழாயின் பணி இவ்வளவே. சேர்ந்து ஏறிய மின்னழுத்தத்தை மண்ணுக்குக் கொண்டுபோவது குழாயின் பொறுப்பன்று; அது பெட்டியின் உடலும் எர்த் திருகாணியும் அதிலிருந்து இறங்கும் கம்பியும் செய்ய வேண்டிய வேலை. ஆன்டெனாவில் மின்னல் நேரடியாக விழுந்தால் மின்னோட்டத்தின் பெரும்பகுதி மேல்வலை வழியாகத்தான் இறங்கி வரும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தப் பெட்டியில் மிக முக்கியமான உறுப்பு எது என்ற கேள்விக்கு விளம்பரம் சொல்லும் விடையும் இயற்பியல் சொல்லும் விடையும் வேறுவேறாக இருப்பது புரியும்.

தயாரிப்பாளர் மிகுந்த பெருமையுடன் அச்சிட்டிருக்கும் எண் "10 கிலோஆம்பியர்". அதன் அருகே மிகச் சிறிய எழுத்தில் "8/20" என்றும் இருக்கிறது. 8 மைக்ரோநொடியில் உச்சத்தைத் தொட்டு, 20 மைக்ரோநொடியில் பாதியாகக் குறைந்துவிடும் ஒரு சோதனைத் துடிப்பையே இது குறிக்கிறது. அருகில் எங்கோ விழுந்த மின்னல் கேபிளில் தூண்டும் எழுச்சியை, அதாவது திடீர் மின்னழுத்த ஏற்றத்தைப் போலச் செய்து பார்ப்பதற்கான அலை இது. நேரடி மின்னலுக்கான சோதனை அலை 10/350 என்பது. அதாவது பாதியாகக் குறைவதற்கே 350 மைக்ரோநொடி எடுத்துக்கொள்ளும். இரண்டிலும் உச்ச மின்னோட்டம் ஒன்றாகவே இருந்தாலும், இரண்டாவது கொண்டுசெல்லும் மின்னூட்டம் முதலாவதைப்போல் இருபது மடங்குக்கும் மேல். மண்ணை நோக்கி இறங்கும் ஒரு மின்னலின் முதல் வீச்சில் நடுத்தரமாக 30 கிலோஆம்பியர் ஓடுகிறது என்பதும், மிகக் கடுமையானவற்றில் அது 200 கிலோஆம்பியரை எட்டக்கூடும் என்பதும், ஒரே மின்னலில் பெரும்பாலும் மூன்று நான்கு வீச்சுகள் அடுத்தடுத்து இறங்குகின்றன என்பதும் நினைவிருந்தால், "முழுப் பாதுகாப்பு" என்ற சொல்லை யாரும் அச்சிடத் துணியமாட்டார்கள். அந்தச் சிறு எழுத்தைப் படிக்காமல் வாங்கியவர்களில் நானும் ஒருவன்.

அதைவிட எரிச்சலூட்டியது வேறோர் எண். பெட்டி 200 வாட் வரை தாங்கும் என்று எழுதியிருந்தார்கள். பொருத்திய முதல் வாரத்தில் 50 வாட்டில் பேசும்போது எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஆற்றலை 100 வாட்டுக்கு ஏற்றியதும் அனுப்பிய ஆற்றலில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை உணர்த்தும் நிலையலை விகிதத்தைக் காட்டும் முள் திடீரென்று எகிறியது, கருவி தானே ஆற்றலைக் குறைத்துக்கொண்டது. ஆன்டெனாவில் பழுது என்று எண்ணி இரண்டு நாட்கள் கூரையில் ஏறி இறங்கிய பிறகே, பெட்டியின் மூடியைக் கழற்றிப் பார்க்கும் அறிவு வந்தது. உள்ளே இருந்த குழாயின் மேல் 90 வோல்ட் என்று பொறித்திருந்தது. கணக்கு எளியது: 50 ஓம் கேபிளில் 100 வாட் செல்லும்போது மின்னழுத்தத்தின் உச்சம் சரியாக 100 வோல்ட், 200 வாட் என்றால் 141 வோல்ட். ஆக, நான் பேசத் தொடங்கியதையே மின்னலென்று எண்ணிக் குழாய் பற்றிக்கொண்டது. நான் கேட்டு வாங்கிப் பொருத்திய 230 வோல்ட் குழாய் இப்போது 100 வாட்டை அமைதியாக ஏற்கிறது. ஆன்டெனா சரியாகப் பொருந்தாமல் நிலையலை விகிதம் 3 ஆக இருந்தாலும் கேபிளில் உச்சம் 150 வோல்ட்தான் என்பதால் இடைவெளி போதுமானது. ஆனால் 400 வாட் அனுப்புபவருக்கு அதே விகிதத்தில் 300 வோல்ட் வரும். அவருக்கு இந்தக் குழாயும் போதாது. மறுபுறம், தேவைக்கு மேல் உயர்ந்த அளவுள்ள குழாயைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பதும் தவறு. மெதுவாக ஏற்றினால் 230 வோல்ட்டில் பற்றும் குழாய், மின்னல் எழுச்சி போன்ற வேகமான ஏற்றத்தில் ஐந்நூறு அறுநூறு வோல்ட்டைத் தாண்டிய பிறகே பற்றுகிறது. அந்தக் கண நேரத்தில் உள்ளே நுழைவதை வானொலியின் உள்ளீட்டுப் பகுதி தாங்க வேண்டும். கேட்பதற்கு மட்டுமே ஏரியல் வைத்திருப்பவர்களுக்கு 90 வோல்ட் குழாயே ஏற்றது. அவர்கள் எதையும் அனுப்பப்போவதில்லை.

மற்றபடி வானொலி அலையைக் கடத்தும் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 145 மெகாஹெர்ட்சில் இதைச் சேர்த்ததற்கும் சேர்க்காததற்கும் என் அளவுக்கருவியில் பத்தில் ஒரு டெசிபெல் அளவே வேறுபாடு தெரிந்தது. 430 மெகாஹெர்ட்சுக்கும் பயன்படுத்த எண்ணுபவர்கள் என்-வகை இணைப்பி உள்ளதை வாங்குவது நல்லது, பழைய பி.எல்-259 வகை அந்த அதிர்வெண்ணில் 50 ஓம் மின்மறுப்பைச் சீராக வைத்திருப்பதில்லை.

இனித் திருகாணி. பெட்டியின் அடியில் உள்ளது 4 மில்லிமீட்டர் திருகாணி. அதனுடன் வந்த வளையமுனை 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பிக்குமேல் எதையும் ஏற்காது. மின்னலின் மேல்வலை மின்னோட்டம் முழுவதும் செல்ல வேண்டிய ஒரே வாசல் இது என்று முன்பே சொன்னேன். பத்தாயிரம் ஆம்பியர் என்று மேலே அச்சிட்டுவிட்டு, சமையலறை மிக்சிக்குப் போடும் கம்பியளவே கீழே இடம் வைத்திருப்பது, பெரிய வாயிற்கதவைக் கட்டிவிட்டுச் சாவித்துளையின் வழியாக ஊர்வலம் நடத்தச் சொல்வதைப் போன்றது. நான் இந்தத் திருகாணியை நம்பவில்லை. பெட்டியின் இணைப்பி செல்லும் துளையுள்ள ஒரு செம்புத் தகட்டைச் சுவரில் பதித்து, பெட்டியின் உடலையே அதன் இணைப்பி மரையால் தகட்டோடு இறுக்கி, தகட்டிலிருந்து அகலமான செம்புப் பட்டையை இறக்கினேன். இதே பெட்டியைத் தகட்டில் பொருத்தும் வகையில் நீண்ட மரையோடும் செய்கிறார்கள். வாங்குவதானால் அதையே வாங்க வேண்டும்.

பட்டை ஏன் என்பது சற்று விரித்துச் சொல்ல வேண்டிய செய்தி. எர்த் கம்பி என்றதும் நம் மனம் தடிமனை மட்டுமே நினைக்கிறது. 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 10 மீட்டர் நீளத்துக்கு ஓடினால் அதன் மின்தடை ஓம் அளவில் நூற்றில் ஒரு பங்குதான். அதில் 30 கிலோஆம்பியர் ஓடினாலும் மின்தடையால் மட்டும் ஏற்படும் மின்னழுத்தம் முந்நூறு வோல்ட்டைச் சற்றே தாண்டும். ஆனால் மின்னல் என்பது நிதானமாக ஓடும் மின்னோட்டமன்று. அந்த 30 கிலோஆம்பியர் ஏறத்தாழ 3 மைக்ரோநொடியில் ஏறிவிடுகிறது. ஒரு நேர்க்கம்பிக்கு மீட்டருக்குக் குறைந்தது ஏறத்தாழ 1 மைக்ரோஹென்றி மின்தூண்டல், அதாவது மின்னோட்டத்தின் திடீர் மாற்றத்தை எதிர்க்கும் குணம், உண்டு. பத்து மீட்டருக்குப் பத்து. இந்த வேகத்தில் அதன் இரு முனைகளுக்கிடையே எழும் மின்னழுத்தம் ஒரு லட்சம் வோல்ட். முந்நூறு எங்கே, ஒரு லட்சம் எங்கே! கம்பியின் விட்டத்தை இரட்டிப்பாக்கினாலும் மின்தூண்டல் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் குறைகிறது. நீளத்தைப் பாதியாக்கினால்தான் பாதியாகிறது. அகலமான பட்டையாக்கினால் ஓரளவு குறைகிறது. கூர்மையாக மடக்கினால் கூடுகிறது, மடக்கிய இடத்திலிருந்து மின்னல் வேறு பாதைக்குத் தாவவும் கூடும். எஞ்சிய கம்பியை வெட்டாமல் சுருட்டித் தொங்கவிடுவது பலருக்கும் உள்ள வழக்கம். மின்னலின் வழியில் தெரிந்தே ஒரு சுருளை வைப்பதாகவே அது முடியும். இந்த ஒரு செய்தியை விளக்கத் தாளில் நான்கு வரிகளில் எழுதியிருந்தால் நூறு வாடிக்கையாளர்களுக்கு நன்மை செய்திருக்கலாம். விளக்கத் தாளில் இருப்பதோ திருகாணியை இறுக்கச் சொல்லும் ஒரே வரி.

பெட்டியை எங்கே வைப்பது என்பதிலும் தாள் மௌனம் சாதிக்கிறது. சிலர் அதை ஆன்டெனாவுக்குக் கீழே கம்பத்திலேயே கட்டுகிறார்கள். சிலர் மேசைமேல் வானொலிக்குப் பின்னால் செருகுகிறார்கள். முதலாவதில், பெட்டியைத் தாண்டி வீட்டுக்குள் வரும் நீண்ட கேபிளில் மறுபடியும் எழுச்சி தூண்டப்படும். இரண்டாவதில், மின்னலை அறைக்குள் அழைத்து வந்த பிறகு அதற்கு வழி தேடுகிறோம். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், வெளிச்சுவரில், தரைக்கு இயன்றவரை அருகில் இருப்பதே சரி. இதையும்விட முக்கியமானது, அங்கிருந்து இறங்கும் எர்த் தண்டு வீட்டின் மின்சார எர்த்துடன் தடித்த கம்பியால் இணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது. ஆன்டெனாவுக்குத் தனி எர்த், வீட்டுக்குத் தனி எர்த் என்று பிரித்து வைத்தால் பாதுகாப்பு கூடும் என்று நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். 10 ஓம் மின்தடையுள்ள நல்ல எர்த் தண்டில் 20 கிலோஆம்பியர் இறங்கினால் அந்தத் தண்டு இரண்டு லட்சம் வோல்ட்டுக்கு எழும்புகிறது. வீட்டு எர்த் அதே கணத்தில் எழும்பாமல் நின்றால், இந்த இரண்டுக்கும் இடையே இருக்கும் ஒரே பாலம் நம் வானொலி: ஒரு பக்கம் கோஆக்ஸ், மறுபக்கம் மின்சாரக் கம்பி. எல்லாம் ஒன்றாக இணைந்திருந்தால் வீடு முழுவதும் சேர்ந்தே எழும்பி அடங்கும். கம்பியின்மேல் அமர்ந்த பறவைக்கு ஒன்றும் ஆகாததைப் போலத்தான். வீட்டு எர்த்தில் கைவைக்கும் வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே விட வேண்டும். நானும் அப்படித்தான் செய்தேன்.

ஆன்டெனா வைப்பதால் வீட்டின்மேல் மின்னல் விழும் வாய்ப்பு கூடுகிறதா என்று பலர் கேட்கிறார்கள். மேகத்திலிருந்து இறங்கும் மின்னலின் முன்னோடி, அதாவது அதற்கு முன்னே வழி வகுத்து இறங்கும் கீற்று, தரையை நெருங்கிய கடைசிச் சில பத்து மீட்டர்களில்தான் தன் இலக்கைத் தேர்கிறது. அந்த எல்லைக்குள் உயர்ந்து நிற்பது எதுவோ அதற்கு வாய்ப்பு அதிகம். பல மாடிக் கட்டடங்களுக்கிடையே ஒடுங்கி நிற்கும் வீட்டில் மூன்று மீட்டர்க் கம்பம் பெரிய மாற்றம் எதையும் செய்யாது; வெட்டவெளியில் தனித்து நிற்கும் வீட்டில் செய்யும். வெட்டவெளியில் இருப்பவர் இந்தப் பெட்டியை வாங்குவதற்கு முன்பே கம்பத்தின் அடியிலிருந்து நேராக மண்ணுக்கு இறங்கும் தனிக் கடத்தியைப் போட்டிருக்க வேண்டும். இடம்விட்டு இடம் தாவும் தீப்பொறியால் கூரையில் தீப்பிடிப்பதை எந்த மின்னல் காப்பானும் தடுக்காது.

கடந்த மழைக்காலத்தில் இதன் உண்மையான சோதனை நடந்தது. ஓர் இரவு, வீட்டிலிருந்து ஏறத்தாழ நூறு மீட்டர் தொலைவில் ஒரு மரத்தின்மேல் மின்னல் விழுந்தது. ஒளியும் இடியும் ஒன்றாகவே வந்தன. அன்று கேபிளைக் கழற்ற மறந்திருந்தேன். காலையில் வானொலியை இயக்கிப் பார்த்தபோது அது ஒரு குறையுமின்றிப் பேசியது. கேட்கும் திறனிலும் இழப்பில்லை. ஆனால் அதன் அருகே இருந்த, ஆன்டெனாவைத் திருப்பும் ரோட்டேட்டரின் கட்டுப்பாட்டுப் பெட்டி உயிரிழந்திருந்தது, அதனுடன் யூ.எஸ்.பி வழியாக இணைந்திருந்த கணினியின் ஒரு துறையும் போயிருந்தது. காரணம் தேட அதிக நேரம் ஆகவில்லை. கோஆக்ஸ் கேபிளைச் செம்புத் தகட்டின் வழியாக முறையாகக் கொண்டுவந்த நான், அதே கம்பத்திலிருந்து இறங்கும் ரோட்டேட்டரின் பலகம்பிக் கேபிளைச் சன்னல் இடுக்கு வழியாக நேரே மேசைக்கு இழுத்திருந்தேன். காப்பான் காக்க வேண்டிய கேபிளைக் காத்தது. எழுச்சி அடுத்த கேபிளில் வந்தது. இதில் பொருளின்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, குற்றம் முழுவதும் என்னுடையது. இப்போது ரோட்டேட்டர் கேபிளின் ஒவ்வொரு கம்பிக்கும் அதே தகட்டின்மேல் தனித்தனி எழுச்சித் தடுப்பான் இருக்கிறது. வீட்டு இணையக் கேபிளும் அதைத் தாண்டித்தான் உள்ளே வருகிறது.

அந்த மின்னலுக்குப் பிறகு குழாய் இன்னும் வேலை செய்கிறதா என்பது அடுத்த கேள்வி. மல்டிமீட்டர் இதற்குப் பாதி உதவிதான் செய்யும். குழாய் குறுக்குச்சுற்றாகி இறந்திருந்தால் அது காட்டிக்கொடுக்கும். குழாய் தேய்ந்துபோய்ப் பற்றவே மறுத்தாலும், புத்தம்புதியதாக இருந்தாலும் மல்டிமீட்டர் இரண்டுக்கும் ஒரே முடிவைத்தான் காட்டும். குழாயைக் கழற்றி, உயர் மின்னழுத்தம் கொடுத்து மின்தடையை அளக்கும் 500 வோல்ட் மெக்கரில் வைத்துப் பார்த்தேன். முள் உடனே விழுந்தது, குழாய் பற்றுகிறது என்று தெரிந்தது. எத்தனை வோல்ட்டில் பற்றுகிறது என்பதை இந்தச் சோதனை சொல்லாது என்பதால், ஐயத்துக்கு இடம் வைக்காமல் குழாயை மாற்றிவிட்டேன். ஜே-போல், மடக்கு டைபோல் போன்ற ஆன்டெனாக்களில் நடுக்கம்பியும் மேல்வலையும் நேர்மின்னோட்டத்துக்கு ஏற்கெனவே இணைந்தே இருக்கும். அவற்றைக் கழற்றாமல் அளந்துவிட்டுக் குழாய் இறந்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. அத்தகைய ஆன்டெனாக்களில் காற்றாலும் மழைத்துளியாலும் சேரும் நிலைமின்னூட்டம் தானாகவே வடிந்துவிடுவது ஒரு கூடுதல் நன்மை.

மழையைத் தாங்குவதில் இதற்குக் குறைந்த மதிப்பெண்தான் தருவேன். மூடியில் ரப்பர் வளையம் இல்லை. முதல் மழைக்காலம் முடிந்து திறந்தபோது மரையில் வெண்மையான பொடி படிந்திருந்தது. அலுமினிய உடலின்மேல் செம்பு நேராகப் பட்ட இடத்திலும் அதே அரிப்பு. ஈரம் இருக்கும் இடத்தில் செம்பும் அலுமினியமும் சேர்ந்தால் அலுமினியம் கரையும் என்பது புதிய செய்தியன்று; வெள்ளீயம் பூசிய தகட்டையோ துருவேறா எஃகு வளையத்தையோ இடையில் வைத்து அனுப்பியிருக்கலாம். நான் இடையில் எஃகு வளையம் வைத்து, இணைப்பிகளின்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவை இழுத்துச் சுற்றினேன். இரண்டாவது மழைக்காலத்தில் உள்ளே ஈரம் புகவில்லை.

இதற்கு மாற்றாகக் கால் அலைநீளக் குறுக்குத் தண்டு வைத்த காப்பான்களும் உண்டு. அவற்றில் வாயுக்குழாயே இல்லை. நடுக்கம்பி எப்போதும் எர்த்தோடு இணைந்திருக்கும், தேய்வதற்கு ஒன்றுமில்லை, வேகமான எழுச்சிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். ஆனால் ஓர் அலைவரிசைக்கு மட்டுமே பொருந்தும். ஒரே அலைவரிசையில் மட்டும் பேசுபவருக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். பல அலைவரிசைகளில் ஒரே கேபிளைப் பயன்படுத்துபவருக்கும், 3 மெகாஹெர்ட்ஸ் முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை நீளும் சிற்றலைக் கம்பி ஆன்டெனாவுக்கும் வாயுக்குழாய்ப் பெட்டிதான் நடைமுறைக்கு ஏற்றது.

இவ்வளவு செய்தபின்னும் வானம் இருண்டால் கேபிளைக் கழற்றி வெளியே விட்டுவிடுகிறேன். அதன் முனையைக் கண்ணாடிப் புட்டிக்குள் போட்டுவைக்கும் பழைய வழக்கத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. மேகத்திலிருந்து கிலோமீட்டர் கணக்கில் காற்றைக் கிழித்து வந்த மின்னலுக்குப் புட்டியின் சுவர் ஒரு தடையா என்ன? தகட்டுக்கு வெளிப்புறத்திலேயே கழற்றி, முனையைத் தகட்டோடு எர்த் ஆன ஒரு மூடி இணைப்பியில் திருகி வைப்பதே நான் செய்வது. ஒளிக்கும் இடிக்கும் இடையே மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று எண்ணி, முப்பது நொடிக்குள் இடி கேட்டுவிட்டால் கேபிளின் அருகே கையைக் கொண்டுபோவதில்லை. அப்போது கழற்றாமல் விட்ட கேபிளை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குள் இருந்துவிடுவேன். பெட்டிக்கு வேலை வருவது அந்த நேரங்களில்தான், அதற்காகத்தான் அதை வாங்கியும் வைத்திருக்கிறேன். அடுத்த முறை வாங்கும்போது நீண்ட மரையுள்ளதாகவும், குழாயின் அளவு வெளியிலேயே பொறிக்கப்பட்டதாகவும் பார்த்து வாங்குவேன். மாற்றுக் குழாய்கள் இரண்டையும் அதோடு சேர்த்தே வாங்குவேன்.